தலைமாடு கால்மாடு

பெட்டியைத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்பது ஆயர் தஸ்நேவிசுக்கு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அதுவரைக்கும் வாசலிலிருந்து வந்த பவனி, சாம்பிராணிப் புகை, படியேறும்போது சுளீரென்று பிடித்த முட்டி, முட்டி பிடித்ததை யாரும் பார்ப்பதற்குள் முழங்கையில் கைகொடுத்துத் தூக்கிவிட்ட அக்கா மகன் கிளாடியஸ், பேராலயம் கொள்ளாமல் நெருக்கியடித்து நின்ற ஜனத்தின் வியர்வை வாடை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து அவரை எதையும் பார்க்கவிடவில்லை. பீடத்துக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும் தன் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, தலையிலிருந்த கூர்த்தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தால், நேர் எதிரே, படிகளுக்குக் கீழே, சேசடிமை சாமியின் முகம். அதுவும் மூக்குக்கண்ணாடியோடு. செத்தவருக்கு எதற்குக் கண்ணாடி என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கண்ணாடி இல்லாத சேசடிமையை அவருடைய கடைசிப் பங்கான சங்குத்திட்டு ஊர் ஜனங்கள் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள், குளிப்பாட்டிப் பூசை உடுப்பு போட்ட கையோடு கண்ணாடியையும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். தலையணை கொஞ்சம் உயரமாகப் போய்விட்டதில் முகம் தூக்கி நின்றது. சாமிமாருக்குத் தலைமாடு பீடத்துப் பக்கம் இருக்க வேண்டும், கால்மாடு ஜனங்கள் பக்கம். மற்றவர்களுக்கு அப்படியே மாற்றி. உயிரோடு இருக்கையில் கோயிலுக்குள் யார் எந்தப் பக்கம் பார்த்து நின்றார்களோ, செத்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக் கிடக்கட்டும் என்று எந்தக் காலத்திலோ வைத்த வழக்கம். நாற்பது வருஷத்துக்கு மேல் பூசை வைத்த மனிதரை, இதோ, ஒருநாளும் பீடம் ஏறாத ஒருவரைப் போலக் கொண்டுவந்து கால்மாட்டைப் பீடத்துக்குக் காட்டிக் கிடத்தியிருக்கிறார்கள். அதனால் அவர் ஜனங்களைப் பார்க்கவில்லை. ஆயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாராவது சொல்லியிருக்கலாம். பீடத்துக்கு இரண்டு பக்கமும் மறைமாவட்டத்துச் சாமியார்கள் ஐம்பது பேருக்குக் குறையாமல் வெள்ளை உடுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது பேருக்கும் கண் நன்றாகத்தான் தெரிந்தது, வாய்தான் இல்லை. ஆயர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றும் பாட்டுப் புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. பவனி வந்து நின்றபோது கிழவர் ரோமால்டு சாமி எழுந்துபோய்க் கிளாடியசின் காதில் ஏதோ சொன்னதும், கிளாடியஸ் சிரித்த முகமாக, "பரவால்ல சாமி, இருக்கட்டும், லைவ் போயிட்டிருக்கு" என்று தோளில் தட்டி உட்காரவைத்ததும் இப்போதுதான் அர்த்தத்தோடு ஞாபகம் வந்தது. துபாய்க்காரரும் லண்டன்காரரும் யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கையில் பிணப்பெட்டியைத் தூக்கித் திருப்புவது அழகாக இராதுதான். கேமராவைப் பீடத்துப் பக்கத்துத் தூணில் கட்டியிருக்கிறார்கள், இப்படி வைத்தால்தான் முகம் தெளிவாக விழும். இந்த மாதிரி விஷயமெல்லாம் கிளாடியசுக்கு அத்துப்படி. முப்பத்தொன்பது வயதில் முதன்மைக் குரு, அதாவது ஆயருக்கு அடுத்த நாற்காலி. யாருக்கு எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு யார் தாளாளர், யார் எப்போது ஆயரைப் பார்க்கலாம், எல்லாம் அவன் கை வழியாகத்தான். இன்றைக்குப் பிரசங்கமும் அவன்தான். "ஒங்களுக்குத் தொண்ட கட்டியிருக்கு மாமா, நான் பாத்துக்கிடுதேன்" என்று காலையில் இட்லி சாப்பிடும்போதே சொல்லிவிட்டான். ஆயருக்குத் தொண்டை கட்டியிருக்கவில்லை. அவன் சொன்ன பிறகு கட்டிக்கொண்டது. "சேசடிமை சாமி எனக்குத் தகப்பன் மாதிரி" என்று அவன் மைக்கில் சொல்ல, ஜனங்களுக்குள் ஒரு பெண் விம்மினாள். நல்ல குரல் அவனுக்கு, அக்காவின் குரல். பெட்டியை வைக்கும்போது தெரியாமல் விட்டானா, தெரிந்தே விட்டானா? சங்குத்திட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுப் பிணத்தைக் கொண்டுவருகிற மாதிரியே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், அவர்கள் ஊரில் சாமியார் செத்துப் பழக்கமில்லை, அவர்கள்மேல் தப்பில்லை. நின்று பார்க்க வேண்டியவன் இவன். வாசலில் போனில் பேசிக்கொண்டு நின்றான். தெரியாமல்தான் இருக்கும். தெரியாமலே இருக்கட்டும் என்று ஆயர் நினைத்தார், நினைத்ததும் அது தெரிந்தே நடந்தது போலத் தோன்ற ஆரம்பித்தது.

திருப்பச் சொல்ல வேண்டும். ரொம்பச் சின்ன விஷயம், நாலு பேர் தூக்கினால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பது சின்ன விஷயமில்லை. முதன்மைக் குருவுக்கு ஒரு சாமியாரின் பிணத்தை எப்படிக் கிடத்துவது என்றுகூடத் தெரியவில்லை என்று ஐம்பது பேர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசுவார்கள். ஆகஸ்டில் ஆயருக்கு எழுபத்தைந்து முடிகிறது, அன்றைக்கே ராஜிநாமா எழுதிக் கொடுக்க வேண்டும், அது ரோமாபுரியின் சட்டம். அடுத்த ஆயராக யார் வரலாம், மூன்று பெயர் சொல்லுங்கள் என்று டெல்லியில் இருக்கும் போப்பாண்டவரின் தூதர் கேட்டிருக்கிறார். இரண்டாவது பெயரையும் மூன்றாவது பெயரையும் ஒப்புக்குத்தான் தேட வேண்டியிருந்தது. முதல் பெயர் மைக்குக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, "அவருடைய தாழ்ச்சி, அவருடைய பொறுமை" என்று உருகிக்கொண்டிருந்தது. இந்த ஐந்து வருஷத்தில் மற்றவர்கள் முன்னால் அவனை ஒரு தடவையாவது வேண்டாம் என்று தடுத்ததுண்டா என்று ஆயர் யோசித்துப் பார்த்தார். தனியாக? தனியாகவும் இல்லை. இன்று தடுத்தால் அதுதான் முதல் தடவை. செத்தவருக்காகத் தடுத்ததாக இருக்கும், அதுவும் இந்தச் செத்தவருக்காக. ஒரு ஈ வந்து சேசடிமையின் கண்ணாடியில் உட்கார்ந்தது, அவர் அசையவில்லை, இயல்புதான், ஆனாலும் ஆயர் அவர் கையைத் தூக்கி விரட்டுவார் என்று ஒரு கணம் காத்திருந்தார்.

ரோமாபுரியில் அவர்கள் இரண்டு பேரும் படித்த காலத்தில் சேசடிமைக்கு அந்தக் கண்ணாடியை விடத் தடித்த கறுப்புக் கண்ணாடி. சனிக்கிழமையானால் கோயில் கோயிலாக ஏறி இறங்குவார்கள், பஸ்ஸுக்குக் காசிராது, நடைதான். பெரிய கோயிலின் நடுப்பீடத்து வெண்கலத் தூண்களில் ஊர்ந்துகொண்டிருந்த தேனீக்களைச் சேசடிமைதான் முதலில் காட்டினார். ஒரு போப்பாண்டவர் தன் குடும்பச் சின்னம் தேனீ என்பதற்காகக் கடவுளின் வீட்டுத் தூணிலேயே தேனீயை ஏற்றிவிட்டார் என்று வழிகாட்டி சொன்னதும், "வேய் தஸ்நேவி, நம்ம ஊர்க் கோயில்ல டியூப்லைட்டு முழுக்க உபயம்னு பேரெழுதி வெளிச்சத்தையே மறச்சிருவானுவல்லா, அதே கததாம்வே இது" என்று சேசடிமை தமிழில் உரக்கச் சொல்லிச் சிரிக்க, பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த ஜெர்மன்காரி முறைத்தாள். தஸ்நேவிஸ் தன் ஆராய்ச்சிக்கே அதை எடுத்துக்கொண்டார், போப்பாண்டவர்களும் அவர்களுடைய மருமக்களும். பதினாலு வயதுப் பையனுக்குக் கர்தினால் தொப்பி, இன்னொருவனுக்கு நாடு, மூன்றாமவனுக்குப் படை, ஒரு மாமனோ தாத்தாவோ போப்பாண்டவரானால் அந்த வீட்டுக்கே யோகம். கடைசியில் மனம் பொறுக்காமல் ஒரு கிழப் போப்பாண்டவர் வந்து இனிமேல் எவனும் சொந்தக்காரனுக்குக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டார், ஏழைகளே என் மருமக்கள் என்று சொன்னாராம். அந்த வரியைத் தஸ்நேவிஸ் ஆராய்ச்சி முகப்பில் போட்டிருந்தார். பிற்பாடு குருமடத்தில் பாடம் நடத்தும்போது அதைச் சொல்லி நிறுத்துவார், பையன்கள் கை தட்டுவார்கள். நேப்பிள்ஸ் போனபோது ஒரு படம் பார்த்தார்கள். கூன் விழுந்த போப்பாண்டவர் நாற்காலியில், பக்கத்தில் இரண்டு பேரன்கள், ஒருவன் இடுப்பு ஒடிகிற மாதிரி வளைந்து வணங்குகிறான், கிழவர் திரும்பி அவனைப் பார்க்கிறார். ஓவியர் முடிக்காமலே போட்டுவிட்ட படம். தஸ்நேவிஸ் பேரனின் வணக்கத்தைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கையில் சேசடிமை கிழவரின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "யாருக்கு யாரு பயப்படுதான்னு நல்லாப் பாரும்" என்றார். அன்றைக்கு அது சும்மா கிண்டல் என்று பட்டது. இன்று மைக்குக்கு முன்னால் இருந்த முதுகு அவ்வப்போது ஆயர் பக்கம் திரும்பி, ஆயர்களைச் சொல்லுகிற வழக்கப்படி "நம் ஆண்டவர் அவர்களுக்குத் தெரியும்" என்று மரியாதையாகக் குனிந்தபோது, ஒவ்வொரு குனிவுக்கும் ஆயரின் கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தது.

ஆனால் கொடுக்காமல் எப்படி இருந்திருக்க முடியும்? போப்பாண்டவர்களுக்கு அக்கா அமலோற்பவம் இல்லை. அம்மா செத்தபோது தஸ்நேவிசுக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கடற்கரையிலிருந்து சந்தைக்கு நடந்து நடந்து அவளுக்கு உச்சியில் முடியே முளைக்கவில்லை. அந்த வழுக்கையை முந்தானையால் மூடிக்கொண்டு குருமடத்துக்கு வந்து, தம்பிக்கு நாற்றம் பிடித்த பெயர் வந்துவிடக் கூடாதென்று வாசலுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போவாள். தம்பி சாமியான பிறகுதான் கல்யாணமே கட்டினாள், கிளாடியஸ் பிறந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது, புருஷன் கடலுக்குப் போய் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகக் கிளாடியசின் கையைப் பிடித்து இவர் கையில் வைத்து, "தம்பி, இவன ஒங் கையில தாறேன்" என்றாள். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஒரு தாய்மாமன் என்றால் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும், சீர் செய்ய வேண்டும், கல்யாணத்தை முன்னால் நின்று நடத்த வேண்டும். பெண்டாட்டி பிள்ளை வீடு வாசல் ஒன்றுமில்லாத சாமியாரான தாய்மாமன் எதை எடுத்துக் கொடுப்பான்? கையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கொடுப்பான். அவர் கையில் மறைமாவட்டம் இருந்தது. முதலில் ரோமாபுரிப் படிப்பு, பிறகு பேராலயப் பங்கு, பிறகு, சொந்தக்காரனுக்குக் கூடாது என்று சட்டம் இருந்தும், முதன்மைக் குரு நாற்காலி. பையன் கெட்டிக்காரன், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது, இங்கிலீஷ் பேசுவான், இத்தாலியன் பேசுவான், கலெக்டரோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து பேசுவான். கெட்டிக்காரனுக்குத்தானே கொடுத்தோம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுண்டு. கெட்டிக்காரன் என்பது முதலா, அக்காவின் மகன் என்பது முதலா என்று அதற்கு மேல் தோண்டுவதில்லை.

தோண்டியது சேசடிமைதான். கிளாடியசை முதன்மைக் குருவாக்கிய அன்று எல்லாரும் மாலையும் பொன்னாடையுமாக வந்துபோன பிறகு, உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அந்த நாற்காலி சேசடிமைக்குத்தான் என்று ஊரே நினைத்திருந்தது, அவரும் நினைத்திருக்கலாம், மனுஷன்தானே. அவர் சத்தம் போடவில்லை. ரோமாபுரியில் நின்ற மாதிரியே நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வேய், தாய்மாமன் சீருக்குத் திருச்சபதான் கெடச்சுதா ஒமக்கு?" என்றார். அவ்வளவு பொருத்தமாக ஒருவன் உண்மையைச் சொன்னால் அவனை மன்னிக்கவே முடியாது. கோபம் வந்தது. ஆயருக்கு இப்போதும், பெட்டியில் கிடக்கிறவரைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கோபத்தின் சூடு காதில் ஏறியது. அடுத்த மாற்றல் சுற்றில் சேசடிமைக்குச் சங்குத்திட்டு வந்தது. உப்பளங்களுக்கு அப்பால், ஒற்றை ரோட்டின் கடைசியில், ஓலையும் தகரமுமாக ஒரு ஊர். கிளாடியஸ் மாற்றல் பட்டியலை எடுத்துவந்து காட்டினான், "சாமிக்கு அமைதியா இருக்கும் மாமா" என்றான். ஆயர் சரி என்றார். சேசடிமை பேசாமல் போனார். பேசாமல் போனது பொறுமையினால் என்று இப்போது மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறான். இல்லை, சேசடிமைக்குப் பொறுமையெல்லாம் கிடையாது. அவர் வாக்குக் கொடுத்திருந்தார். குருப்பட்டம் வாங்கும்போது இரண்டு கையையும் கூப்பி அன்றைய ஆயரின் கைக்குள் வைத்துக் கீழ்ப்படிகிறேன் என்று சொன்ன ஒரு வாக்கு, அதைத் தவிர வேறெதுவும் அவரை அந்த ஊரில் கட்டிப்போட்டிருக்காது.

பிறகு சிறுநீரகம். வாரத்துக்கு இரண்டு நாள் டவுனுக்கு வந்து ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் உப்பளத்து ரோடு தண்ணீருக்குள் போய்விடும், டவுன் பக்கம் ஏதாவது சின்னப் பங்காகத் தாருங்கள் என்று சேசடிமை மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் முதன்மைக் குருவிடம், வேறு யாரிடம் கேட்பது? "பாக்கலாம் சாமி" என்றான் கிளாடியஸ். ஆயருக்கு அது தெரியாது. தெரியாது என்றுதான் நேற்று துக்கம் கேட்க வந்த கன்னியாஸ்திரிகளிடம் சொன்னார். ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் சேசடிமை நேரே ஆயர் இல்லத்துக்கே வந்துவிட்டார். ஆயர் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படித்தான் கிளாடியஸ் வராந்தாவில் நின்று சொன்னான், "ஆண்டவர் தூங்குதாவ சாமி." ஆயர் தூங்கிக்கொண்டிருந்தார் என்றால் கிளாடியஸ் சொன்னது அவருக்கு எப்படிக் கேட்டது? படுத்திருந்தார். கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது, திரைச்சீலை அசைந்தது. "சரி, எந்திரிக்கட்டும், இருக்கேன்" என்று சேசடிமை பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்ட சத்தம். இருமல். அந்த இருமல் ஒரு தினுசாக இருக்கும், முதலில் ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. ரோமாபுரியில் பக்கத்து அறையில் ராத்திரியெல்லாம் கேட்ட இருமல். எழுந்துபோய் வாவே என்று சொல்லப் பத்தடி தூரம். எழுந்திருக்கலாம் என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே படுத்திருந்தார். எழுந்தால் கேட்பார், கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் கிளாடியஸ் வேண்டாமென்றதைக் கொடுத்ததாகும், அவன் முகம் ஒரு மாதிரிப் போகும், ராத்திரிச் சாப்பாட்டில் பேசமாட்டான். அவன் பேசாத சாப்பாட்டுக்கு ஆயர் பயந்தார். அதுதான் நிஜம், தூக்கமில்லை. கடைசி வேனைப் பிடிக்க வேண்டுமே, நாற்காலி மறுபடி நகர்ந்தது, "வந்தேன்னு மட்டும் சொல்லுங்க" என்ற குரல், கேட் சத்தம். அந்த ஐப்பசி மழைக்கு ரோடு முங்கியபோது சேசடிமை அக்கரையிலேயே கிடந்தார், கட்டுமரத்தில் வைத்துக் கொண்டுவரப் பார்த்தார்களாம், உயிர் தங்கவில்லை. ஆயர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். திறந்தபோது பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். பெட்டிக்குள்ளிருந்தவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பீடத்துக்கு வந்து நின்றார். இப்போது இன்னும் கிட்டத்தில். அப்பத்தை எடுத்து உயர்த்தும்போது கைகளுக்கு நடுவில் அந்தக் கண்ணாடி. வாய் பாட்டுக்குச் செபத்தைச் சொல்லிக்கொண்டு போயிற்று, எத்தனை வருஷமாகச் சொன்ன செபம், அதற்கு ஆள் தேவையில்லை. எங்கள் திருத்தந்தையையும், உமது தகுதியற்ற ஊழியனாகிய அடியேனையும் என்ற இடத்தில் மட்டும் நாக்கு தட்டிற்று. இத்தனை வருஷமும் தகுதியற்ற என்பதைத் தாழ்ச்சியாகச் சொல்லிவந்தார், தாழ்ச்சியாகச் சொன்னால் அதில் ஒரு சுகம் இருக்கும். இன்று அது வெறும் தகவலாக வாயிலிருந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற கிளாடியஸ் புத்தகத்தில் வரியை விரலால் தொட்டுக் காட்டினான். திருப்பச் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். முடிவு செய்த அடுத்த நொடி இன்னொரு பயம் வந்து சட்டையைப் பிடித்தது. எதற்காகத் திருப்புகிறாய்? அவருக்குரிய மரியாதையை அவருக்குக் கொடுக்கவா, அந்த முகம் உன்னைப் பார்க்காமல் இருக்கவா? திருப்பிவிட்டால் அவர் ஜனங்களைப் பார்ப்பார், உனக்கு அவருடைய உச்சந்தலைதான் தெரியும், நீ தப்பித்தாய். திருப்பாமல் விட்டால் நீ கிளாடியசுக்கு இன்னொரு தடவை பயந்தாய். எந்தப் பக்கம் போனாலும் சேசடிமையை முன்னால் வைத்து உன் காரியத்தையே பார்த்துக்கொள்கிறாய். உயிரோடிருந்தால் இதைக் கேட்டுவிட்டு அவர் எப்படிச் சிரித்திருப்பார் என்று தெரியும். ஆனாலும் மரியாதை மரியாதைதான், அதற்கு என் மனசு சுத்தமாக இருக்க வேண்டியதில்லை, தப்பான காரணத்துக்காவது சரியானதை ஒரு தடவை செய்துவிடுகிறேன் என்று ஆயர் தன்னோடு மன்றாடினார். வரிசையில் வந்தவர்களுக்கு அப்பத்தை நன்மையாகக் கொடுத்து முடிந்தது. பாடகர் குழு நிறுத்தியது. பெட்டிமேல் தீர்த்தம் தெளிக்கும் கடைசி மந்திரிப்புக்காகச் செம்பும் கையுமாகப் படியிறங்கிப் பெட்டியின் கால்மாட்டில் போய் நின்றார்.

"பெட்டியத் திருப்புங்க" என்றார். குரல் வந்தது, கட்டியிருக்கவில்லை, உடுப்பில் மாட்டியிருந்த மைக் அதை வாங்கிக் கோயில் முழுக்க, வெளியே பந்தல் வரைக்கும் போட்டது. யாரும் அசையவில்லை. கேட்கவில்லையோ என்று அவர் இன்னொரு தடவை சொன்னார். "சாமியாருக்குத் தலைமாடு பீடத்துப் பக்கம் இருக்கணும். தப்பா வச்சிருக்கு. திருப்புங்க." ஐம்பது சாமியார்களும் பெட்டியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கவில்லை, எல்லாத் தலையும் ஒரே பக்கமாகக் கிளாடியஸ் நின்ற இடத்துக்குத் திரும்பின. தூக்க வந்த சங்குத்திட்டு ஆட்கள் நாலு பேரும் பெட்டியில் கையை வைத்தவர்கள், அந்தத் தலைகளைப் பார்த்து அவர்களும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். ரோமால்டு சாமிகூட. ஆயருக்கு முதலில் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்துவிட்டது. அடுத்த ஆயராக யாருடைய பெயரைத் தூதரிடம் சொல்வது, சொல்லாமலிருப்பது என்று அவர் ராத்திரியெல்லாம் புரண்டது வீண். ரோமாபுரிதான் இனிமேல் தெரிந்துகொள்ள வேண்டும், இங்கே எல்லாருக்கும் எப்போதோ தெரிந்திருந்தது. கிளாடியஸ் பக்கத்தில் வந்தான். முகத்தில் கோபமே இல்லை, அக்காவின் தாடை, அக்காவின் சிரிப்பு. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "மாமா, இப்பத் திருப்பணுமா?" என்று ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரிக் கேட்டான். "திருப்பணும்" என்றார் ஆயர். கிளாடியஸ் ஒரு நிமிஷம் யோசித்தான். யோசித்தது எல்லாருக்கும் தெரியும்படி யோசித்தான். பிறகு அந்த ஆட்களைப் பார்த்து, "சரி, ஆண்டவர் ஆசப்படுதாவ, திருப்பிருங்க" என்று தலையை அசைத்தான். உடனே தூக்கினார்கள், அவ்வளவு சுருக்காக. பெட்டி அந்தரத்தில் சுற்றியது, மூக்குக்கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை மின்னி, அந்த முகம் தூண்களைக் கடந்து, பாடகர் குழுவைக் கடந்து, ஜனங்கள் பக்கம் போயிற்று. அங்கே சங்குத்திட்டுப் பெண்கள் அதைக் கண்டதும் ஓவென்று வாய்விட்டு அழுதார்கள். ஆயருக்கு முன்னால் நரைத்த உச்சந்தலை மட்டும் இருந்தது. தப்பித்த நிம்மதி எதுவும் வரவில்லை. இவ்வளவு நேரம் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளும் போய்விட்டது போலிருந்தது. கடைசியாக ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், வந்தேன்னு சொல்லச் சொன்னீரே வேய், சொல்லவே வேண்டியதில்ல, எனக்குக் கேட்டுது என்று அதனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஜனங்கள் பக்கம் போக ஒரு எட்டு வைத்தார். கிளாடியஸ் முழங்கையைப் பிடித்தான், மெதுவாகத்தான் பிடித்தான். தீர்த்தச் செம்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க இங்கேயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் சுற்றி அவன் போனான். ஆயர் நின்றார்.